தொட்டி புளூபெர்ரிக்கு இயற்கை உரம்: குமரி மாவட்டத்தில் வளர்ப்பவர்கள் சொல்வது

குலசேகரத்திலிருந்து:
வாழைக்கு அள்ளிப் போடுகிற மாட்டுச்சாணம், அடுப்புச் சாம்பல் இரண்டையும் புளூபெர்ரி பக்கமே கொண்டுபோகாதீர்கள். இதற்கு மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) 4.5 முதல் 5.5 வரை இருக்கணும். சாம்பல் விழுந்தால் சட்டென்று ஏறிவிடும். ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. கொழுந்திலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பசி என்று நினைத்து மேலும் உரம் போட்டால் உப்பு கூடி இலை விளிம்பு கருகும். முதலில் பிஎச் பாருங்கள்.

தழைச்சத்தை (நைட்ரஜனை) நைட்ரேட்டாக எடுப்பதைவிட அமோனியமாகவே இது நன்றாக எடுக்கும். அதனால்தான் வேப்பம் புண்ணாக்கை விடாமல் சொல்கிறேன். அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதை அது தாமதப்படுத்தும். 40 லிட்டர் பையில் முதல் வருடச் செடிக்கு 25-30 கிராம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை. தண்டை ஒட்டாமல் விளிம்போரம் தூவி, தண்ணீர் விட்டால் போதும். கொத்தவே கூடாது. வேரெல்லாம் மேலேயே நூல் நூலாக ஓடும், வேர்த்தூவியும் கிடையாது. நட்ட புதிதில் உரம் வேண்டாம், துளிர் வரட்டும்.

தக்கலையிலிருந்து:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. பையில் தென்னை நார்க்கழிவு நிரப்புகிறவர்கள் கழுவாமல் போடாதீர்கள். நார் ஊறவைத்த உப்புத்தண்ணீர் அதிலேயே இருக்கும். வடிகிற தண்ணீர் இசி மீட்டரில் (தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் கருவி) 0.5 mS/cm-க்குக் கீழே வரும்வரை அலசணும். பிஎச் இறங்க, நடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பைக்கு 10 கிராம் கந்தகத் தூள் கலந்து ஈரமாக வைங்க. மண்ணிலுள்ள பாக்டீரியாதான் அதை அமிலமாக்கும். காய்ந்த மண்ணில் கந்தகம் அப்படியே கிடக்கும். வினிகர் ஊற்றுவது சில நாள் கூடத் தாங்காது.

குளச்சலிலிருந்து:
மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கிற கரைசல்) நல்லதுதான், லிட்டர் தண்ணீருக்கு 2-3 மில்லி. உப்புப் போட்ட மீனில் செய்தது மட்டும் ஆகாது. கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். உள்பக்கக் கிணறு கடினமாக இருந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, பிஎச் தாளில் 5.5 காட்டியதும் நிறுத்துங்கள்.

குலசேகரத்திலிருந்து:
தம்பி மழை என்றதும் ஞாபகம் வந்தது. ஜூனிலும் ஐப்பசியிலும் கொட்டுகிற மழை தழைச்சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களில் நான் சொன்ன வேப்பம் புண்ணாக்கு அளவைப் பாதிப் பாதியாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுங்கள். மேலே சவுக்குச் சருகு நாலு விரல் கனத்துக்கு மூடினால் மேல்வேர் வெளியே தெரியாது.