ஸ்காவிலிருந்து ஹார்ட்கோருக்குத் தாவும்போது இடறுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

கோடம்பாக்கம் கிடார்:
வணக்கம். நாங்கள் டிரம்பெட்டோடு சேர்த்து ஐந்து பேர். ஜெர்மனியில் ஹாம்பர்க்கின் ரன்டன்பிளான் இசைக்குழுவைக் கேட்டதிலிருந்து அதே நினைப்பு. ஆட்டம் போட வைக்கிற ஸ்கா, அதாவது ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை, போய்க்கொண்டிருக்கும், சட்டென்று ஹார்ட்கோர் என்கிற அதிவேகப் பங்க் ராக்குக்குத் தாவி டிரம்ஸ் பாயும், கிடார் உறுமும், நான்கு வரி தொண்டை கிழியக் கத்திவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்காவுக்குத் திரும்பிவிடுவார்கள். நாங்கள் செய்தால் அந்தத் தாவலில் நானும் டிரம்மரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம். வேகம் பிசகாமல் டிக் டிக்கென்று அடிக்கும் மெட்ரோனோம் வைத்தும் பார்த்தாச்சு.

மிருதங்கக்காரன்:
தம்பி, மெட்ரோனோமை ஓரமாக வையுங்கள். தொடையில் தாளம் போட்டு, தட்டுக்கு ஒரு 'தகதிமி' சொல்லுங்கள். ஸ்கா கிடார் விழுவது 'த'வில் இல்லை, 'தி'யில். மேல்நோக்கி ஒரு வெட்டு, உடனே இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிட வேண்டும். ஹார்ட்கோர் வேகத்தில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 'த'வில், ஸ்னேர் (குச்சியால் சடசடக்கும் சின்ன டிரம்) 'தி'யில். அதாவது நீங்கள் காலி செய்த இடத்தில் ஸ்னேர் வந்து உட்காருகிறது! அதனால் தாவும்போது உங்கள் கையைக் கவனிக்காதீர்கள், ஸ்னேரைக் கேளுங்கள். 'தி'யை அவரிடம் கொடுத்துவிட்டு 'த'வில் இறங்குங்கள்.

நுங்கம்பாக்கம் ஜெர்மன்:
ரன்டன்பிளானைப் பற்றி இங்கே பேச ஆள் இருக்கிறதா! 1995-ல் தொடங்கிய குழு. பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா, லயன் காமிக்ஸில் நாம் படித்த லக்கி லூக் கதைகளில் சிறையைக் காவல் காக்குமே அந்த அசட்டு நாய், அதன் பிரெஞ்சுப் பெயர்தான். ஆரம்பத்தில் இருந்த மார்குஸ் வீபுஷ், ரைமர் புஸ்டார்ஃப் இருவரும் பிறகு கெட்கார் குழுவைத் தொடங்கினார்கள், அது நிதானமான கிடார் ராக், அதையும் கேளுங்கள்.

இன்னொன்று. அவர்கள் பாடுவது ஜெர்மனில், ஆங்கிலத்துக்கு ஓடவில்லை. நீங்களும் தமிழிலேயே எழுதுங்கள். கத்துகிற வரிகளில் வெட்டு, முட்டு, தட்டு என்று வல்லினம் இரட்டிக்கும் சொற்களாகப் போட்டால் ஸ்னேரோடு சேர்ந்து விழும். நீளமான நெடில்கள் அந்த வேகத்தில் தொங்கும், அவற்றை ஸ்கா பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடம்பாக்கம் கிடார்:
அண்ணே, நேற்று ராத்திரி 'தி' சொல்லிக்கொண்டே முயன்றோம். ஏழெட்டு முறை சொதப்பியது, அப்புறம் ஒருமுறை நச்சென்று விழுந்தது. எங்கள் டிரம்பெட்காரர் வியாசர்பாடியில் பேண்ட் வாத்தியம் வாசிப்பவர், "இதைத்தானே கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிறேன்" என்று முதல் சுற்றிலேயே பிடித்துவிட்டார். இனி ஸ்காவுக்குத் திரும்பும் இடம்தான் பாக்கி, அங்கே வேகம் இன்னும் வழிகிறது.

மிருதங்கக்காரன்:
திரும்பும்போது ஒரு தட்டு எல்லோரும் மௌனம். 'தகதிமி' மனசுக்குள் மட்டும்.