லண்டனுக்கு அம்மா அப்பா வருகிறார்கள், பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழியே இல்லை: என்ன செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. குராய்டனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஒரு பெட்ரூம் ஃபிளாட், வாடகைக்கு இருக்கிறேன். நவம்பரில் அம்மா அப்பா விசிட்டர் விசாவில் ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, பாத்டப்பில் காலைத் தூக்கி வைத்து ஏறுவது ரொம்பக் கஷ்டம். டப்புக்கு வெளியே உட்கார்ந்து குளிக்கலாம் என்றால் தரையில் ஒரு ஓட்டை கூட இல்லை, வெறும் வினைல் ஷீட்தான். இது போதாதென்று பெட்ரூம் அலமாரிக்குப் பின்னால் சுவரில் புள்ளி புள்ளியாகக் கறுப்புப் பூஞ்சை வந்திருக்கிறது. ஏஜென்டிடம் சொன்னால், நீங்கள் ஜன்னல் திறப்பதில்லை, சமையல் அதிகம், அதனால்தான் என்கிறார். அவர்கள் வருவதற்குள் மேலே பெயின்ட் அடித்துவிடலாமா? அனுபவப்பட்ட அண்ணன் அக்கா யாராவது சொல்லுங்கள்.

* * *

தம்பி, பெயின்ட் அடிக்காதீர்கள். இரண்டு மாதத்தில் பெயின்டைத் தாண்டிக்கொண்டு மறுபடி வரும். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பாத்ரூம், ஏனென்றால் நாங்கள் பட்டது அதில்தான்.

ஈஸ்ட் ஹாமில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எங்கள் அம்மா கும்பகோணத்திலிருந்து முதல் முறை வந்தபோது எங்களுக்கும் இதே மாதிரி மாடி ஃபிளாட். வந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, நான் ஆபீஸ் போய்விட்டேன். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, வாளியில் வெந்நீர் பிடித்து, டப்புக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நிதானமாகக் குளித்திருக்கிறார். அறுபது வருடமாக அப்படிக் குளித்தவர், நானோ ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. தண்ணீர் வினைல் ஓரமாக இறங்கி, அடியில் இருக்கும் மரப்பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டது. கீழ்வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். சீலிங்கில் பல்பைச் சுற்றி டீக்கறை மாதிரி ஒரு வட்டம், பல்ப் ஹோல்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர், கீழே அவர் வைத்திருந்த பாத்திரம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. சாயங்காலம் நான் வந்தபோது லைட்டைக் கூடப் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார். சீலிங்கைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிட்டோம், அந்தப் பெரியவரும் நல்லவர். ஆனால் மீதி ஐந்து மாதமும் குளிக்கப் போகும் முன் அம்மா என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். அது வேறு யார் வீட்டிலும் நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் பாத்ரூம் தரைக்குச் சரிவு வைத்து, மூலையில் தண்ணீர் போக வழி விட்டு, தளமே நனைவதற்கென்று கட்டுவார்கள். இங்கே பழைய வீடுகளின் மாடித்தளம் மரம். தண்ணீர் என்றால் டப்புக்குள், சிங்க்குக்குள், டாய்லெட்டுக்குள் மட்டும். ஆகவே குளியல் முழுக்க டப்புக்குள்தான் நடக்க வேண்டும். வாளியும் மக்கும் டப்புக்குள்ளேயே இருக்கட்டும், அவர்களுக்கு ஷவர் பழகாது. உள்ளே வழுக்காத ரப்பர் மேட், ஷவர் கர்ட்டனின் அடி டப்புக்கு உள்பக்கம். வந்த அன்றைக்கே நீங்களே நின்று, குழாய் எந்தப் பக்கம் திருப்பினால் சூடு என்பது வரை செய்து காட்டுங்கள். வாயால் சொன்னால் போதாது.

அப்பா முழங்காலுக்கு பாத் போர்டு என்று ஒன்று விற்கிறது. டப்பின் இரண்டு விளிம்பிலும் குறுக்கே உட்காரும் பலகை. வெளியிலிருந்தபடியே அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே திருப்பி வைத்துக்கொள்ளலாம், உட்கார்ந்தபடியே குளிக்கலாம். எவ்வளவு எடை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். சுவரில் ஒட்டும் சக்ஷன் கைப்பிடியை மட்டும் நம்பாதீர்கள், பெரியவர்கள் முழுப் பாரத்தையும் போட்டுப் பிடிக்கும்போது கழன்று வரும். திருகு போட்டு மாட்டும் கைப்பிடிக்கு வீட்டுக்காரரிடம் ஈமெயிலில் அனுமதி கேளுங்கள், வயதானவருக்கு என்று சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள். டாய்லெட்டில் ஹெல்த் ஃபாசெட்டை நீங்களாக மாட்ட வேண்டாம், கழிவுநீர் குடிநீர்க் குழாயில் திரும்ப ஏறக் கூடாது என்று இங்கே கடுமையான விதி இருக்கிறது. மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் ஜக் போதும், இங்கே முக்கால்வாசி நம்மவர் வீட்டில் அதுதான் இருக்கும்.

அப்புறம் டப்பும் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் சிலிகான் பட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். பிரிந்திருந்தால் நீங்கள் எவ்வளவு கவனமாகக் குளித்தாலும் தண்ணீர் அதன் வழியாகக் கீழே போகும். அதைச் சரிசெய்வது வீட்டுக்காரர் வேலை, இப்போதே எழுதிப் போடுங்கள்.

சரி, பூஞ்சை. அதுவும் தண்ணீர்தான், ஆவியாக வந்த தண்ணீர். பழைய வீட்டுச் சுவர் முழுச்செங்கல், நடுவில் காற்று இடைவெளி கிடையாது, குளிர்காலத்தில் உள்பக்கமே சில்லென்று இருக்கும். இட்லி வேகும் ஆவி, குக்கர் ஆவி, வெந்நீர் ஆவி, ஹாலில் காயும் துணி எல்லாம் சேர்ந்து அந்தச் சுவரில் போய்ப் படிகிறது. அலமாரியை ஒட்டிப் போட்டிருப்பதால் அங்கே காற்று நுழைவதில்லை, அதனால் அங்கேதான் முதலில் வரும். அலமாரியை ஒரு கையகலம் முன்னால் இழுங்கள்.

அடுத்து, டாய்லெட் பேப்பர் ஒரு தாளைக் கிழித்து பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனில் வையுங்கள். ஃபேன் ஓடும்போது தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அந்த ஃபேன் சத்தம் போடுகிறதே தவிர இழுக்கவில்லை. அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூடிலிருந்து குழாய் வெளிச்சுவர் வரை போகிறதா என்று பாருங்கள். நிறைய ஃபிளாட்டில் அது வெறும் கரி ஃபில்டர், வாசனையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஆவியை அப்படியே உங்கள் முகத்திலேயே திரும்ப விடும். அப்படியானால் சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடிவிட்டு ஜன்னலைத் திறங்கள், முடித்தபின் இன்னும் 15, 20 நிமிடம் திறந்திருக்கட்டும். தாளிக்கும்போது அலாரம் அடிக்கிறதே என்று ஸ்மோக் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு, தயவுசெய்து வேண்டாம். சமையலறையில் புகைக்குப் பதில் சூட்டைக் கண்டு அடிக்கும் அலாரமாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒரு லோடு துணியை வீட்டுக்குள் காயப் போட்டால் சுமார் 2 லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலக்கும். வேறு வழியில்லை என்றால் பாத்ரூமில் போட்டுக் கதவை மூடி ஃபேனை ஓட விடுங்கள். 10, 15 பவுண்டுக்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, அது 40க்கும் 60க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஹீட்டிங்கை ஒரேயடியாக அணைத்துவிட்டு ராத்திரி மட்டும் முழு வேகத்தில் போடுவதைவிட, 18 டிகிரிக்குக் கீழே போகாமல் வைத்திருப்பது சுவருக்கும் நல்லது, அப்பா முழங்காலுக்கும் நல்லது.

வந்திருப்பதைச் சுத்தம் செய்ய பூஞ்சை ஸ்ப்ரே விற்கிறது. ஜன்னலைத் திறந்து, கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு துடையுங்கள். ப்ளீச்சையும் டாய்லெட் கழுவும் ஆசிட் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

ஏஜென்ட் பேச்சில் பாதிதான் உண்மை. நம் சமையலும் ஒரு காரணம், அதை ஒத்துக்கொள்வோம். ஆனால் ஃபேன் இழுக்கவில்லை, சிலிகான் பிரிந்திருக்கிறது, ஹீட்டர் சரியில்லை என்றால் அது அவர்கள் பொறுப்பு. 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. குடியிருக்கத் தகுந்த நிலையில் வீடு இருக்க வேண்டும் என்று 2018இல் தனியாக ஒரு சட்டமும் வந்தது. போனில் பேசாதீர்கள். தேதியோடு ஃபோட்டோ, மீட்டர் காட்டும் எண், ஃபேன் சோதனை எல்லாவற்றையும் ஈமெயிலில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் உங்கள் கவுன்சிலின், அதாவது இங்குள்ள உள்ளாட்சியின், சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம். சுவர் அழுக்கு என்று மட்டும் இதை நினைக்காதீர்கள். 2020 டிசம்பரில் ராச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சையைச் சுவாசித்ததால் இறந்தது என்று விசாரணையில் தீர்ப்பானது. அந்தப் பெற்றோரும் பல முறை புகார் சொன்னவர்கள்தான், அவர்களிடமும் உங்கள் பழக்கம்தான் காரணம் என்றார்கள். வயதானவர்கள் மூச்சு விடும் அறை அது, விட்டுவிடாதீர்கள்.

* * *

அக்கா, ரொம்ப நன்றி. தாளை வைத்துப் பார்த்தேன், கீழே விழுந்துவிட்டது. ஃபோட்டோவோடு ஈமெயில் போட்டுவிட்டேன். இன்னொரு சங்கடம், இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. காலேஜ் நண்பனின் தம்பி செப்டம்பரில் படிக்க வருகிறான், ரூம் கிடைக்கும்வரை கொஞ்ச நாள் உன்னோடு இருக்கட்டும் என்கிறான் நண்பன். பெட்ரூமை அம்மா அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு நானே ஹாலில் படுக்கப் போகிறேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா டேபிள்டாப் கிரைண்டரையும் கொண்டு வருகிறேன் என்கிறார், இங்கே ஓடுமா?

* * *

கிரைண்டர் ஓடும், இங்கேயும் 230 வோல்ட்தான். ப்ளக்கை மட்டும் இந்த ஊர் மூன்று முள் ப்ளக்காக மாற்றி 3 ஆம்ப் ஃப்யூஸ் போடுங்கள், எர்த் இல்லாத டிராவல் அடாப்டரில் சொருகாதீர்கள். அடியில் மடித்த துண்டு போட்டு, ராத்திரி எட்டு மணிக்குள் அரைத்துவிடச் சொல்லுங்கள், மரத்தளத்தில் அதிர்வு அப்படியே கீழ்வீட்டுக்குப் போகும்.

அந்தப் பையனை வரச் சொல்லுங்கள் தம்பி. நாம் வந்தபோது யாரோ ஒருவர் நமக்குப் பாய் போட்டார்கள். ஆனால் "கொஞ்ச நாள்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், இந்த ஊரில் ரூம் தேட மூன்று நாள் போதாது, மூன்று வாரம் கொடுங்கள். அவன் டிக்கெட் போடும் முன்பே, அண்ணனும் தம்பியும் இருக்கும்போது, அக்டோபர் 15 வரை என் வீடு உன் வீடு, அதற்குப் பின் அம்மா அப்பாவுக்கு இடம் தயார் செய்ய வேண்டும் என்று தேதியோடு சொல்லுங்கள். தேதி சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சொல்லாமல் இருந்துவிட்டு நவம்பரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் உறவைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு வாரம் என்று வந்து நான்கு மாதம் இருந்தார். அவர் மேல் தப்பில்லை, நாங்கள் தேதியே சொல்லவில்லை. இன்றைக்கு வழியில் பார்த்தாலும் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை.

அவனிடம் வாடகை வாங்காதீர்கள், உள்வாடகை ஆகிவிடும். ஒப்பந்தத்தில் விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்று இருக்கிறதா பாருங்கள். தனியாள் என்று கவுன்சில் டாக்ஸில், அதாவது வீட்டுவரியில், 25 சதவீதம் கழிவு வாங்குகிறீர்கள் என்றால், முழுநேர மாணவன் வந்தால் அது போகாது, ஊரிலேயே வீடு உள்ள அம்மா அப்பா வந்தாலும் போகாது. வேலை பார்க்கும் ஒருவர் உங்களோடேயே குடியேறினால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவனோடு நீங்களும் ரூம் பார்க்கப் போங்கள். நேரில் பார்க்காத ரூமுக்கு அவன் ஒரு பவுண்ட் கூட முன்பணம் அனுப்பக் கூடாது.

அம்மா அப்பாவுக்கு ஊரிலேயே டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள், பழைய நோய்களையும் மறைக்காமல் எழுதி. விசிட்டரை ஆஸ்பத்திரியில் அட்மிட் செய்தால் என்எச்எஸ், அதாவது இங்குள்ள அரசு மருத்துவச் சேவை, செலவில் 150 சதவீதம் கேட்கும்.

பாத் போர்டு வாங்கிவிடாதீர்கள். எங்கள் அம்மா உட்கார்ந்தது லாஃப்டில் இருக்கிறது. உங்கள் டப்பின் உள் அகலத்தை விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்து சொல்லுங்கள், பொருந்தினால் ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் ஹாம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.