சான்றிதழ் இருக்கிறது, எந்தப் படி? ஐடிஐ, டிப்ளமோ, கரஸ் அனுபவங்கள்

ஓசூர்க்காரன்:

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது சான்றிதழ் பார்ப்பது என் பொறுப்பு. கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைகள், கையிலிருக்கும் சான்றிதழ் எந்தப் படியைச் சேர்ந்தது, அதை வைத்து அடுத்து எதில் ஏறலாம் என்று தெரியாமல் வந்து நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஃபிட்டர் வேலைக்கு ஒரே ஊரிலிருந்து இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். ஒருவன் இரண்டு வருட ஐடிஐ முடித்து என்டிசி (தேசியத் தொழிற்சான்றிதழ்) வைத்திருந்தான். இன்னொருவன் மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் சில நூறு மணி நேரம் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தான். அதில் "லெவல் 4" என்று அச்சாகியிருந்தது. ஐடிஐ ஃபிட்டரின் புதிய பாடத்திட்டமும் லெவல் 4தான். "அவனுக்கும் நாலு, எனக்கும் நாலு. அப்புறம் ஏன் சார் என்னை மட்டும் தனி வரிசையில் உட்கார வைக்கிறீர்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பயிற்சி மையத்தில் அவனிடம் இது ஐடிஐக்குச் சமம் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த எண் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பிலிருந்து வருவது. 2013 டிசம்பரில் அறிவித்தபோது அதில் 10 படிகள் இருந்தன. பிறகு திருத்தி 8 ஆக்கினார்கள். என்ன தரத்து வேலைக்கு ஒருவரைத் தயார் செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும். எத்தனை காலம் படித்தார், எவ்வளவு படித்தார் என்பதைச் சொல்லாது. பழைய ஃபிட்டர் பாடத்திட்டத்தின் அட்டையில் லெவல் 5 என்று இருக்கும், 2022இல் திருத்திய புத்தகத்தில் லெவல் 4. படிப்பு அதே இரண்டு வருடம்தான். ஆகவே எண்ணை மட்டும் வைத்து இரண்டு சான்றிதழ்களை ஒப்பிடவே கூடாது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு விண்ணப்பித்தால், குறிப்பிட்ட டிரேடில் என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அல்லது எஸ்சிவிடி (மாநிலக் குழு) அங்கீகாரம் பெற்ற ஐடிஐ இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழ் அங்கே ஐடிஐ இடத்தில் நிற்காது.

அந்தப் பையனின் கை நல்ல கை. ஒரு புஷ்ஷையும் (குழாய் போன்ற சிறு உலோகப் பாகம்), அளவெடுக்க வெர்னியரையும் கொடுத்தேன். அளவெடுக்கும் முன் வெர்னியரின் தாடையை மூடி, பூஜ்யம் பூஜ்யத்தோடு சேருகிறதா என்று பார்த்தான். ஐடிஐ முடித்த பலரே அதைச் செய்வதில்லை. அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ள வழி இருந்தது, எடுத்தோம். ஆனாலும் ஐடிஐயில் சேர்ந்துவிடு என்று சொன்னேன். எங்கள் கம்பெனியோடு அவன் வாழ்க்கை முடியப் போவதில்லையே.

அப்ரண்டிஸ் என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐடிஐ முடித்து, 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேறினால் கிடைப்பது என்ஏசி (தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ்). அது என்டிசிக்கு மேல் ஒரு படி. ரயில்வே பணிமனைகளில் இப்படிப் பயிற்சி முடித்தவர்களுக்கு சம்பள லெவல் 1 என்ற அடிநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்குகிறார்கள். ஆனால் சில இடங்களில் பையன்களை "அப்ரண்டிஸ்" என்று சொல்லி லைனில் நிறுத்திவிட்டு, ஒப்பந்தத்தை அரசு போர்ட்டலில் பதிவே செய்வதில்லை. வருடம் முடிந்து கையில் வருவது கம்பெனி லெட்டர்பேடில் ஒரு அனுபவக் கடிதம். அதை வைத்துக்கொண்டு என்ஏசி என்று விண்ணப்பித்து, சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். சேர்ந்த முதல் மாதமே பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

நெய்வேலி ஃபிட்டர்:

ஐடிஐ என்றால் அதோடு படிப்பு முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பத்தாவது முடித்து ஐடிஐ போனேன். பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம். லேட்டரல் என்ட்ரி என்று ஒன்று இருப்பதே பயிற்சி அலுவலர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். டிப்ளமோ முடித்ததும் வேலை கிடைத்தது, கொஞ்ச வருடம் கழித்து பி.இ. ஆசை வந்தது. டிப்ளமோக்காரர் முழுநேரமாகப் படிக்கப் போனால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் வருடம் உண்டு. வேலையை விட முடியாததால் நான் பகுதிநேர பி.இ. சேர்ந்தேன். ஷிப்ட் முடித்துவிட்டு மாலையில் வகுப்பு.

பகுதிநேரம் வேறு, தொலைநிலை வேறு. இதைப் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பகுதிநேரத்தில் வகுப்புக்குப் போக வேண்டும், ஆய்வகத்தில் நிற்க வேண்டும், வருகைப்பதிவு உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெளிமாநில நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் கரஸ்ஸில், அதாவது தொலைநிலையில், பி.டெக். முடித்தார். என்னைவிடச் சீக்கிரமாகவும் முடித்தார். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் அனுமதி இல்லாமல் தொலைநிலையில் நடத்திய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்றார்கள். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வழி விட்டார்கள். அவர் அதற்குப் பிறகு சேர்ந்தவர். அந்தப் பட்டத்தை வைத்து வாங்கிய பதவி உயர்வு என்ன ஆகுமோ என்று அந்த மனிதர் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளே இல்லை.

ஏஎம்ஐஇ (பொறியாளர்கள் சங்கம் நடத்தும் தேர்வு) படித்தவர்களும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் பி.இ.க்கு இணை என்ற அங்கீகாரம் தொடர்கிறது. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் இவற்றையெல்லாம் தொலைநிலையில் பட்டமாக நடத்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் இடமே கிடையாது. விளம்பரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

தேனிப்பெண்:

என் அக்காவின் கதை இது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள், கல்யாணம் ஆனது. இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு மறுபடி படிக்க ஆசைப்பட்டாள். பிளஸ் 2 இல்லாமலேயே, 18 வயது நிரம்பியிருந்தால் ஃபவுண்டேஷன் பாடம் எழுதிவிட்டு நேரடியாக பி.ஏ. சேரலாம் என்று திறந்தநிலை முறையில் அப்போது சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்ந்தாள். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படிப்பாள். ஆண்டிபட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே வரலாற்றுக் குறிப்புகளை மனப்பாடம் செய்வாள். பி.ஏ. முடித்து எம்.ஏ.வும் முடித்தாள். டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ்.

குரூப் 4க்குப் பத்தாவது போதும் என்பதால் வேலைக்கு வந்துவிட்டாள். பட்டம் தேவைப்படும் குரூப் 2க்குப் போனபோதுதான் இடித்தது. சரிபார்ப்பு மேசையில் இருந்தவர் மார்க் ஷீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கினார். பத்தாவது, அதற்கு அடுத்து பி.ஏ. நடுவில் விரலை வைத்து, "பிளஸ் 2 எங்கேம்மா?" என்று கேட்டார். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாக வாங்கிய பட்டத்தை ஏற்க முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு வேலைக்கு அது செல்லாது என்று தமிழக அரசும் அதே வருடம் ஆணை போட்டது. வழக்கறிஞர் ஆக நினைப்பவர்களுக்கும் பார் கவுன்சில் விதி இதையேதான் சொல்கிறது.

பட்டம் போலி இல்லை. பல்கலைக்கழகம் அரசுடையது. தேர்வு எழுதித்தான் தேறினாள். எல்லாம் சரியாக இருந்தும் வரிசை சரியில்லை. சேர்க்கும்போது விண்ணப்பத்தில் ஒரு வரி இதைப் பற்றி இருந்திருந்தால், முதலில் பிளஸ் 2வைத் தனித்தேர்வராக எழுதியிருப்பாள். எழுதினால் தேறக்கூடியவள்தான் அவள். இந்த ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டை நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். ஆங்கில வழியில் பள்ளிப் படிப்பு, பட்டம் மட்டும் கரஸ்ஸில் தமிழில் என்றால் உதவாது.

வல்லைவெளி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் தேசிய தொழிற் தகைமை என்று ஏழு படி. முதல் நாலும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையில் இருக்கிற தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரைக்கும் இந்தப் பாதையாலேயே போகலாம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. என்னுடைய சித்தப்பா மேசன். ஓ.எல். (சாதாரண தரப் பொதுப் பரீட்சை) சித்தியடையவில்லை, ஒரு பயிற்சி நிலையத்திலும் படித்ததில்லை. ஆனால் பல வருடம் செய்த வேலையையே கணக்கில் எடுத்துச் சான்றிதழ் தருகிற முறை இங்கே இருக்கிறது. மதிப்பீட்டாளர் வந்து, இவரைச் சுவர் கட்டச் சொல்லி, தூக்குக் குண்டு பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். சீமெந்துக் கலவை விகிதத்தைக் கேட்டார், ஏன் அப்படி என்றும் கேட்டார். சான்றிதழ் கிடைத்தது. அதை வைத்துக் கட்டாருக்கு மேசனாகவே போனார், கூலியாளாக இல்லை. சம்பளத்தில் அந்த வித்தியாசம் தெரிந்தது.

காரைக்குடி அண்ணன்:

ஒரு சந்தேகம். தங்கச்சி பத்தாவது முடித்து ஐடிஐயில் கோபா (கணினி இயக்கம், புரோகிராமிங்) படித்தாள், ஒரு வருடப் படிப்பு. இப்போது வேலை பார்த்துக்கொண்டே கரஸ்ஸில் பி.காம். சேரணும். ஐடிஐ முடித்தால் பிளஸ் 2வுக்குச் சமம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு ஏஜென்ட் வேறு வந்து, ஒன் சிட்டிங்கில் ஒரே வருடத்தில் டிகிரியே வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்.

ஓசூர்க்காரன்:

அண்ணே, முதலில் அந்த ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள். இளநிலைப் பட்டம் என்றால் சாதாரணமாக மூன்று வருடம். ஒரே வருடத்தில் கொடுக்கிற பட்டத்தை எந்தச் சரிபார்ப்பிலும் ஏற்க மாட்டார்கள்.

ஐடிஐ தானாகப் பிளஸ் 2வுக்குச் சமம் ஆகிவிடாது. தமிழ்நாட்டில் உள்ள வழி இதுதான்: பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர், பிளஸ் 2 தமிழ், ஆங்கிலம் இரண்டு தேர்வையும் எழுதித் தேறினால் இணைச் சான்றிதழ் தருகிறார்கள். எட்டாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ படித்தவருக்குப் பத்தாவது அளவில் அதே ஏற்பாடு. தங்கச்சி படித்த கோபா ஒரு வருட டிரேடு என்பதால் இந்த வழி அவருக்குப் பொருந்தாது. பிளஸ் 2வைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லுங்கள். மாவட்டத்தில் இருக்கும் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) இருக்கிறது. காலம் கூடுதலாகும், உண்மைதான். தேனி சகோதரி எழுதியதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டுங்கள், அந்தக் கூடுதல் காலம் எதற்கு என்று அவருக்கே புரியும்.

அப்புறம் பி.காம். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் கல்வியாண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருடம் அனுமதி இருந்து, அடுத்த வருடம் இல்லாமல் போவதும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் தன் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் நடத்த முடியாது, அதையும் கவனியுங்கள். இப்போது சேருவதற்கு முன் டெப் ஐடி என்று ஒரு எண்ணை மாணவரே தன் பெயரில் உருவாக்க வேண்டும். அதைத் தங்கச்சியே போட்டுக்கொள்ளட்டும், இடைத்தரகரிடம் ஆதாரும் ஓடிபியும் கொடுக்க வேண்டாம்.

இப்படி முறையாக வாங்கிய தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர்களில் சிலர் கரஸ் பி.காம்.தான். கோபாவும் வீண் இல்லை. டேலியும் எக்செல்லும் தெரிந்த பி.காம். விண்ணப்பத்தை நானே முதலில் எடுத்து வைப்பேன்.

தங்கச்சியின் கோபா சான்றிதழ் என்சிவிடியா எஸ்சிவிடியா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதைப் பொறுத்து அப்ரண்டிஸுக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று எழுதுகிறேன்.