புரொஜெக்டர் வாங்கி மாட்டிக்கொண்ட கதைகள்: ஓர் இணையக் குழு உரையாடல்

மொட்டைமாடி

புரொஜெக்டர் வாங்கி மாட்டிக்கொண்ட அனுபவம் இந்தக் குழுவில் யாருக்கெல்லாம் இருக்கிறது? எழுதுங்கள், முதலில் என்னுடையது. பெட்டியின் மேல் 9,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. விலை பத்தாயிரத்துக்குள். தங்கை குடும்பம் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி ஆட்டம். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கூடத்துச் சுவரில் நூறு அங்குலத்துக்குப் படத்தை விரித்தேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்தாயிற்று. சுவரில் பச்சையாக ஏதோ நெளிந்தது. பந்து எது, ஆள் எது என்று தெரியவில்லை. தங்கை மகன் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இதை இன்னும் ஆன் செய்யவில்லையா?" என்றான். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் டிவி ரிமோட்டை எடுத்தார். அவர் சிரித்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். பழைய 36 வாட் ட்யூப்லைட் ஒன்று தருவதே ஏறத்தாழ 3,000 லூமென். 9,000 என்றால் மூன்று ட்யூப்லைட். டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு பெட்டிக்குள்ளிருந்தா? ஆன்சி லூமென், அதாவது தரமுறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டேன். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் சார்" என்றார்.

ஏழாம் மாடி

மூன்றரை மணி வெயிலில் போட்டது உங்கள் தவறு, பெட்டியின் தவறு மட்டும் இல்லை. மூலைக்கு மூலை நூறு அங்குலம் உள்ள திரை என்பது 221 சென்டிமீட்டர் அகலம், 125 உயரம். கிட்டத்தட்ட 2.75 சதுர மீட்டர். உண்மையில் 200 லூமென் தருகிற பெட்டியாக இருந்தால் சதுர மீட்டருக்கு எழுபது சொச்சம்தான் விழும். இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள், சுமாராகத் தெரியும்.

என் கதை வேறு. படம் பார்க்க ஒரு குறையும் இல்லை. அண்ணன் மகன் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து கிரிக்கெட் விளையாட்டைப் போட்டான். டிவியில் சதம் அடிக்கிற பையன், இங்கே வரிசையாக போல்டு ஆனான். புரொஜெக்டரின் ஸ்பீக்கர் கொசுக்கத்தல் என்பதால், கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலிருந்தே ஒயர் இழுத்துத் தனி ஸ்பீக்கரில் சத்தத்தைக் கொடுத்திருந்தேன். அதனால்தான் குட்டு வெளிப்பட்டது. முதலில் ஸ்டம்ப் சாயும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் திரையில் ஸ்டம்ப் சாய்ந்தது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சித்தப்பா, நான் அவுட் ஆனது உங்கள் புரொஜெக்டருக்கு இன்னும் தெரியவில்லை."

காரணம் நானேதான். அலமாரியின் ஓரத்தில் கோணலாக வைத்துவிட்டு, கீஸ்டோன் திருத்தத்தால் கோணல் படத்தை நேர்ச் செவ்வகமாக்கியிருந்தேன். அசைவை வழவழப்பாக்கும் வசதி வேறு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி ஒவ்வொரு படச்சட்டத்தையும் வாங்கி, வளைத்து, இடையில் புதிதாகச் சட்டங்களைச் செருகி, ஆற அமர அனுப்பியிருக்கிறது. நொடிக்கு 60 சட்டம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிநொடி. 100 மில்லிநொடி தாமதம் என்றால் ஆறு சட்டம் பின்தங்கிவிடுகிறது. நேராக வைத்து, கீஸ்டோனை அணைத்து, கேம் மோடுக்கு மாற்றிய பிறகு சரியாயிற்று. ஆனால் பையன் அதற்குள் ஊருக்குப் போய்விட்டான்.

வெள்ளைச்சுவர்

என் மனைவி முதல் நாளே சொன்னாள், எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையும் தெறிக்கிறது என்று. உற்றுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படம் தொடங்கி அரைமணி நேரத்தில் தலைவலி என்று எழுந்து போவாள். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பார்வையில் ஒரு பழுதும் இல்லை என்றார். அப்படியானால் இது நான் தேர்ந்தெடுக்கும் படங்களைத் தவிர்க்க ஒரு சாக்கு என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டு மாதம் அப்படித்தான் போயிற்று.

ஒருநாள் திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. "கையை விரித்து, கண்ணுக்கு முன்னால் வேகமாக ஆட்டுங்கள்" என்றாள். ஆட்டினேன். ஐந்து விரல்களின் ஓரத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் துண்டு துண்டாகத் தெரிந்தன. நான் எதுவும் சொல்வதற்குள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கணக்கன்

வெள்ளைச்சுவர் சொல்கிற நிறத் தெறிப்புக்கு 'வானவில்' என்று பெயர், டிஎல்பி வகைப் புரொஜெக்டரில் வருவதாம். என்னிடமும் டிஎல்பிதான் இருக்கிறது. மூன்று வருடம் ஆயிற்று, ஒரு வானவில்லையும் பார்த்ததில்லை. இதெல்லாம் எங்கோ படித்துவிட்டுத் தேடுகிறவர்களுக்குத்தான் தெரியும். நான் ஏமாந்தது வேறு விஷயத்தில்: '1080 ஆதரவு' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், உள்ளே படத்தை உருவாக்கும் சில்லு 1280க்கு 720 புள்ளிதான், 1920க்கு 1080 இல்லை. ஆதரவு என்றால் அந்த அளவில் வருவதை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருளாம், காட்டும் என்று இல்லையாம். விளையாட்டில் தோட்டா எத்தனை மிச்சம் என்ற எண் 3ஆ 8ஆ என்று தெரியாமல் செத்தேன்.

பழைய ஆபரேட்டர்

கணக்கன் தம்பி, உங்களுக்குத் தெரியவில்லை என்பதால் இன்னொருவருக்கும் தெரியாது என்று ஆகிவிடாது. வீட்டு டிஎல்பியில் ஒரே சில்லுதான். வண்ணச் சக்கரம் சுழன்று மூன்று நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது, மூளைதான் சேர்த்துக்கொள்கிறது. கண் சட்டென்று நகர்ந்தால் சிலருக்கு அது பிரிந்துவிடும். தியேட்டர் டிஎல்பியில் மூன்று சில்லு இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்கு எப்சன் மாதிரி நிறத்துக்கு ஒன்றாக மூன்று எல்சிடி வைத்தது வாங்கினாலும் இல்லை.

நான் டென்ட் கொட்டகையில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டியவன். குச்சி தேயத் தேய நெருக்கிக் கொடுக்க வேண்டும், ஒரு நிமிடம் அசந்தால் திரை மங்கும், விசில் பறக்கும். அப்படிப்பட்டவன் வீட்டில் மகன் புரொஜெக்டரைப் பின்சுவரில், கூரையை ஒட்டி மாட்டினான். முதல் காட்சிக்கு உறவெல்லாம் கூடிவிட்டது. படம் வெட்டி வெட்டி வருகிறது. ஒயரை மாற்றினான், பெட்டியை அணைத்துப் போட்டான். நான் நிமிர்ந்து பார்த்தேன். நட்ட நடு அறையில் மின்விசிறி, இறக்கை ஒவ்வொன்றும் ஒளியை நறுக்கிக்கொண்டிருந்தது. சித்திரை மாதம். விசிறியை நிறுத்தினால் மனிதர்கள் இல்லை, ஓடினால் படம் இல்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள். முதலில் டேப் எடுத்து அறையை அளங்கள். திரை அகலத்தை, பெட்டியின் விவரக்குறிப்பில் இருக்கும் த்ரோ ரேஷியோ என்ற எண்ணால் பெருக்கினால் பெட்டியை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பது வரும். 1.2 என்றால் நூறு அங்குலத்துக்கு 2.65 மீட்டர், 1.5 என்றால் 3.3 மீட்டர். அந்தக் கோட்டில் விசிறி, தொங்குவிளக்கு, பரண் கதவு ஏதும் வருகிறதா என்று நூல் கட்டிப் பாருங்கள். சுவரில் அதே அளவுக்குச் செய்தித்தாளை ஒட்டி இரண்டு நாள் எதிரில் உட்காருங்கள். கழுத்து வலித்தால் 80 அங்குலம் போதும். லாம்ப் வைத்த பெட்டி என்றால் மின்வெட்டுக்கு யூபிஎஸ் கட்டாயம். அணைத்த பிறகும் உள்ளே காற்றாடி ஓடி லாம்பைக் குளிர்விக்க வேண்டும், கரண்ட் பட்டென்று போனால் சூடு உள்ளேயே நின்றுவிடும். எல்இடி, லேசர் என்றால் அந்தப் பயம் குறைவு. காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டுங்கள். சுவருக்குப் பளபளக்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். அப்புறம் திரைத்துணி வாங்கினால்...

மொட்டைமாடி

ஐயா, நான் கேட்டது அனுபவம். விசிறியை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பழைய ஆபரேட்டர்

கழற்றிவிட்டோம். இப்போது டேபிள் ஃபேன். அதன் காற்றில் திரை ஆடுகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கணக்கன்

வெள்ளைச்சுவர் சொன்னபடி கையை ஆட்டிப் பார்த்தேன். தெரிகிறது. ஏன் ஆட்டினேன் என்று இருக்கிறது. நேற்றிலிருந்து எழுத்து வந்தாலே கண் அங்கேதான் போகிறது.

வெள்ளைச்சுவர்

நான் பாதி விலைக்கு விற்றுவிட்டு, மூன்று எல்சிடி பெட்டி வாங்கிவிட்டேன். மனைவி முழுப் படமும் உட்கார்ந்து பார்க்கிறாள். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது என்று நான்தான் இப்போது முணுமுணுக்கிறேன். அவளுக்கு அப்படி எதுவும் தெரியவில்லையாம். "கண் மருத்துவரிடம் போகலாமா?" என்று கேட்கிறாள்.