மழையிலும் அறுவடையிலும் தடைப்படும் காலை நடை: நாயுடன் தொடர்வது எப்படி?

கிளிநொச்சி வாசகி:
வணக்கம். எங்கள் மணியனுக்கு மூன்று வயது. நாட்டு நாய்தான், ஆனால் ஓட்டத்தில் சளைக்காதவன். நீரிழிவுக்காக நாள்தோறும் நடக்குமாறு வைத்தியர் கூறியதிலிருந்து, காலை ஐந்தரை மணிக்கு அவனையும் அழைத்துக்கொண்டு இரணைமடு வாய்க்கால் ஓரமாக நாற்பது நிமிடம் நடந்து வந்தேன். கார்த்திகையில் மாரி இறங்கியதும் அந்தப் பாதை சேறாகி, சில இடங்களில் நீரில் மூழ்கியது. மழை விட்டபோது எனக்குக் காய்ச்சல். அது மாறியதும் காலபோக அறுவடை தொடங்கி, நெல் ஏற்றும் உழவு இயந்திரங்கள் விடியும் முன்பே பாதையை நிறைத்துவிட்டன. இப்படியே மூன்று மாதங்கள் கழிந்துவிட்டன. மணியன் வேலியோரம் பள்ளம் தோண்டுகிறான், இரவில் காரணமின்றிக் குரைக்கிறான். ஐந்தரை மணியானால் மட்டும் படலையடியில் போய் இருந்து, என் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்க்க மனம் பொறுக்கவில்லை. விட்டுப்போன நடையை மீண்டும் தொடங்குவதும், அடுத்த மாரியில் கைவிடாமல் இருப்பதும் எப்படி?

ஒட்டுசுட்டான் விவசாயி:
தங்கச்சி, அவன் படலையடிக்குப் போவதிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. தூரத்தை அவன் கணக்கு வைப்பதில்லை, நேரத்தைத்தான் வைத்திருக்கிறான். 2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வளவுக்குள் நீர் நின்றபோது வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆனாலும் வழக்கமான நேரத்துக்கு என் நாய்க்கு வாரைப் பூட்டி, விறாந்தையிலேயே அங்குமிங்குமாக நடத்தினேன். பிறகு ஏழெட்டுத் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றுள் ஒன்றின் கீழே முள் நீக்கிய அவித்த மீன் துண்டை ஒளித்துத் தேடவிட்டேன். முதல் நாள் எல்லா மட்டைகளையும் காலால் புரட்டியது. நான்காம் நாள் மூக்கை நிலத்தோடு வைத்து ஒவ்வொன்றாக மோந்து, சரியான மட்டையின் முன்னே நின்று என்னைப் பார்த்தது. கால் மணி நேரம் மூக்குக்கு வேலை கொடுத்தால், ஓடிக் களைத்த நாயைப் போலவே படுத்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் யானை நிற்கும். அவிழ்த்துவிட்ட நாய் யானையைக் குரைத்துச் சீண்டிவிட்டு, பயந்து எசமானிடமே ஓடிவரும். அதன் பின்னால் யானையும் வரும். ஆகவே வெளிச்சம் வந்த பின்பே புறப்படுகிறேன், வாரைக் கழற்றுவதில்லை. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளின் பக்கம் போகவே கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வவுனியாவிலிருந்து ஒருவர்:
ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பிடித்திருக்க முடியாது. காலை தவறியது என்று பின்னேரம் நான்கு மணிக்கு அழைத்துச் செல்வோரைக் கண்டிருக்கிறேன், அது தவறு. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டுமே சிறிதளவு சுரக்கும். மற்றபடி மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. பங்குனி முதல் பொழுது சாய்ந்து நிலம் ஆறிய பின்பே பின்னேர நடை.

மூன்று மாத இடைவெளிக்குப் பின் உடனே நாற்பது நிமிடம் வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். காய்ச்சலில் கிடந்தெழும்பிய உங்களுக்கும் அதுவே நல்லது. நடுவழியில் அவன் பின்தங்கினால் சோம்பல் என்று இழுக்காமல், உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை)ப் பாருங்கள். அது வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். மழைநாளில் தேங்கிய நீரில் இறங்கவோ அதைக் குடிக்கவோ விடாதீர்கள், எலிக்காய்ச்சல் நாயையும் பீடிக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கிளிநொச்சி வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று ஒழுங்கையில் பதினைந்து நிமிடம் நடந்தோம். திரும்பி வந்ததும் வாசற்படியிலேயே உறங்கிவிட்டான். நான் நோயில் விழும் நாட்களுக்காக மகனிடம் வாரைக் கொடுத்துப் பார்த்தேன், ஆனால் மணியன் என்னை விட்டு ஓரடியும் நகர மறுக்கிறான். என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான் விவசாயி:
முதலில் மூவருமாகப் போங்கள். திரும்பி வரும்போது கடைசி நூறு மீற்றருக்கு மட்டும் வாரை மகனிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் வாருங்கள். வீட்டை நோக்கி நடக்க எந்த நாயும் மறுக்காது. பிறகு நாளுக்கு நாள் சற்று முன்னதாகவே வாரைக் கைமாற்றுங்கள்.