பழைய லாரியில் ஐந்து ஃபியூஸ்கள் இல்லை, எத்தனை ஆம்பியர் போடுவது? அவசரம்

புதுச்சக்கரம்:
வணக்கம். சென்ற வாரம் ஒரு பழைய லாரி வாங்கினேன். ஃபியூஸ் பெட்டியில் ஐந்து இடங்கள் காலி. மூடியும் இல்லை, அதில் ஒட்டியிருந்திருக்கும் அட்டவணையும் இல்லை. பேட்டரி அருகே ஃபியூசிபிள் லிங்க் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே உருகித் துண்டிக்கும் காப்பு ஒயர்) இருக்கவேண்டிய இடத்தில் யாரோ சாதாரண ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். முகப்பு விளக்கு எரிகிறது. இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் மூன்றும் வேலை செய்யவில்லை. எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர்? ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தாக வேண்டும்.

டீசல்வாசம்:
எந்த நிறுவனத்தின் வண்டி, எந்த ஆண்டு, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா? கண்ணாடிக் குழாய் ஃபியூஸா, தட்டையான பிளேடா? இவை தெரியாமல் எண் சொல்ல முடியாது.

எர்த்முதலில்:
மூன்றும் ஒரே நேரத்தில் போனால் எர்த்தைத்தான், அதாவது வண்டியின் இரும்பு வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைத்தான், சந்தேகிக்க வேண்டும். கேபினுக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் பூட்டுங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு வண்டிகளுக்கு அதுதான் மருந்து.

டீசல்வாசம்:
ஃபியூஸே இல்லாத இடத்துக்கு எர்த் என்ன செய்யும், அண்ணா?

மூத்தகம்பி:
தம்பி, ஃபியூஸ் காப்பது ஒயரை. ஹாரனையோ வைப்பரையோ அல்ல. இந்த அடிப்படை தெரியாதவர்கள் பெட்டியைத் திறக்கவே கூடாது என்று இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். ஒயரின் தடிமனைப் பார்த்து அளவு முடிவு செய்யுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 10 ஆம்பியர், 1.5க்கு 15, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். காலியான ஐந்து இடங்களையும் நிரப்பவேண்டும் என்று யார் சொன்னது? பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். ஒயரே வராத இடம் இருந்தால் அது உங்கள் வண்டியில் பொருத்தாத கருவிக்கானது.

பின்சக்கரம்:
ஐயா சொன்ன செய்தி சரி, சொன்ன விதம் சரியில்லை. கேட்க வந்தவரை விரட்டினால் அவர் ஃபியூஸுக்குப் பதில் ஆணியை வைத்து ஓட்டிக்கொண்டு போவார்.

புதுச்சக்கரம்:
24 வோல்ட். ஃபியூஸ்கள் வெள்ளையும் சிவப்புமாக, இரண்டு முனையும் கூராக இருக்கின்றன. மேலே ஒரு உலோகப் பட்டை ஓடுகிறது.

டீசல்வாசம்:
இப்போது புரிகிறது. அந்த வகையில் நிறமே அளவு: மஞ்சள் 5, வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25 ஆம்பியர். பிளேடு ஃபியூஸின் நிறத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே சிவப்பு என்றால் 10. வோல்ட் கேட்டதற்கும் காரணம் உண்டு. 21 வாட் பல்புகள் இரண்டு எரிய 24 வோல்ட்டில் 2 ஆம்பியர்கூட வேண்டாம், 12 வோல்ட்டில் மூன்றரை வேண்டும். எனவே இண்டிகேட்டருக்கு வெள்ளையே தாராளம்.

இன்னொன்று. இந்தக் கூர்முனை ஃபியூஸை விரலால் மெல்ல உருட்டிப் பாருங்கள். உருட்டும்போது விளக்கு மினுக்கினால் ஃபியூஸ் நன்றாகவே இருக்கும், பிடிக்கும் தகட்டில்தான் பச்சை பூத்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் தேயுங்கள், தகட்டைச் சற்று உள்பக்கம் வளையுங்கள்.

பின்சக்கரம்:
ஃபியூஸை விட அந்த முறுக்கிய ஒயர்தான் எனக்குப் பயம் தருகிறது. அது எங்காவது இரும்பில் உரசினால் தடுக்க எதுவும் இல்லை, பேட்டரியின் முழு வேகமும் ஒயர்க்கட்டுக்குள் இறங்கும். முதலில் அதை மாற்றுங்கள். காக்கவேண்டிய ஒயரைவிட நான்கு கேஜ் மெல்லிய லிங்க் போடவேண்டும்: 10 கேஜ் ஒயருக்கு 14 கேஜ் (கேஜ் எண் கூடினால் ஒயர் மெல்லியது). நீளம் ஒரு சாணைத் தாண்ட வேண்டாம். அதற்கென்றே விற்கும் ஒயரை மட்டும் வாங்குங்கள். அதன் உறை தீப்பிடிக்காது, உள்ளே கம்பி உருகினாலும் மேலே கொப்புளம் மட்டும் தெரியும். பழைய லிங்க்கைச் சோதிக்க இரு பக்கமும் பிடித்து இழுங்கள். ரப்பர்போல் நீண்டால் உள்ளே கம்பி இல்லை.

எர்த்முதலில்:
இந்தக் காலத்தில் லிங்க் எதற்கு? பெரிய பிளேடு ஃபியூஸும் அதைச் செருகி வைக்க மூடியுள்ள தாங்கியும் போட்டால் போதும். போனால் கண்ணுக்குத் தெரியும், இருட்டில் நடுவழியில் நின்றாலும் நிமிடத்தில் மாற்றலாம்.

மூத்தகம்பி:
லிங்க் மெதுவாக உருகுவதற்காகவே வைத்தது. நொடிநேரம் எகிறும் மின்னோட்டத்தை அது பொறுத்துக்கொள்ளும். என்ஜின் பக்கத்து அதிர்விலும் சூட்டிலும் தாங்கியின் பிடி தளரும். தளர்ந்தால் அங்கேயே உருகும்.

எர்த்முதலில்:
ஃபியூஸும் உடனே போய்விடாது. 20 ஆம்பியர் பிளேடில் 27 ஆம்பியர் ஓடினால் பத்து நிமிடம்வரைகூடத் தாங்கலாம். தாங்கியை அதிர்வில்லாத இடத்தில் பொருத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

மூத்தகம்பி:
பேட்டரிக்கும் தாங்கிக்கும் நடுவே உள்ள ஒயரை யார் காப்பது?

எர்த்முதலில்:
பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்தினால் லிங்க்கும் அதுவும் ஒன்றே.

டீசல்வாசம்:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். புதுச்சக்கரம், புது ஃபியூஸ் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. 24 வோல்ட் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் கட்டி, காலியான இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாக வையுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே முழு வெளிச்சத்தில் எரிந்தால் அந்த வழியில் ஷார்ட் இருக்கக்கூடும். அதனால்தான் பழைய உரிமையாளர் பிடுங்கிவிட்டாரோ என்னவோ.

புதுச்சக்கரம்:
லிங்க் மாற்றிவிட்டேன். இண்டிகேட்டர், ஹாரன் வந்துவிட்டன. ஒரு இடத்தில் பின்பக்கம் ஒயரே இல்லை. வைப்பர் இடத்தில் பல்பு பளீரென்று எரிந்தது. கேபின் சுவர் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயர் தேய்ந்து செம்பு தெரிகிறது. அதைச் சரிசெய்யப் போகிறேன். அனைவருக்கும் நன்றி.

பின்சக்கரம்:
மகிழ்ச்சி. வளையம் போடாமல் டேப் மட்டும் சுற்றிவிடாதீர்கள். ஐந்தாவது இடம் எதற்கு என்று தெரிந்ததா?

டீசல்வாசம்:
வண்டி எந்த நிறுவனம் என்று இன்னும் சொல்லவில்லையே. சொன்னால் அட்டவணை தேடித் தருகிறேன்.