புதுப்பிப்பு: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், டாக்டர் கிடைத்துவிட்டார்

காலையில் விரல்களை மடக்கவே முடியவில்லை, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (முடக்கு வாதம்) என்று சொல்லிவிட்டார்கள், நல்ல டாக்டர் யார் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

எலும்பு டாக்டரை விட்டுவிட்டு ருமட்டாலஜிஸ்டை, அதாவது மூட்டு வாத நோய்களுக்கான டாக்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது, அங்கேதான் போகிறேன். கூட்டம் தாங்காது. ஆனால் டாக்டர் ஒவ்வொரு விரல் மூட்டாக அழுத்தி, வீக்கம் எங்கே, வலி எங்கே என்று குறித்துக்கொண்டார். அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனை, ஆன்டி சிசிபி, பாசிட்டிவ்.

இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கியாயிற்று. வாரத்தில் ஒரே நாள்தான். தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் வேறு நாளில். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை. முழுப் பலன் தெரிய 2, 3 மாதம் ஆகலாம் என்றார்கள். இப்போதைக்கு தோசைக்கரண்டி பிடிக்க முடிகிறது, ஜாக்கெட் ஊக்கு மட்டும் மகள்தான் மாட்டிவிடுகிறாள்.

சித்தி புளியை நிறுத்தச் சொல்கிறார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. புளி இல்லாமல் என்ன குழம்பு?

அப்புறம் ஒன்று: மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் ஒரே குமட்டல். அடுத்த முறை டாக்டரிடம் கேட்கத்தான் போகிறேன். அதற்குள், இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?